பால் வந்த வழியில் காய்கறி ஏன் வரவில்லை?

பெங்களூரில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஒரு நாளில் என்னென்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். காலையில் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு டம்ளர் சூடான பால். மத்தியானம் சோறு, சாம்பார், அதோடு ஒரு முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இவற்றில் எது யார் நிலத்திலிருந்து, யார் கொட்டகையிலிருந்து வந்தது என்று கேட்டால், பாலுக்கு மட்டும்தான் நேரான பதில் கிடைக்கும். கர்நாடகத்துக் கிராமங்களில் ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பவர்கள் சங்கத்தில் ஊற்றிய பால் அது. அரிசி இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து மூட்டையாக வந்து இறங்குகிறது. அது எந்த மாநிலத்தில் விளைந்தது என்பது சமைக்கிறவருக்கே தெரியாது. சாம்பாரில் கிடக்கும் காய் மண்டியிலிருந்து வந்திருக்கலாம், பக்கத்துக் கடையிலிருந்தும் வந்திருக்கலாம்.

இத்தனைக்கும் இந்த நகரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் காய்கறித் தோட்டம்தான். மாலூர், கோலார், ஹொசகோட்டே, சிக்கபள்ளாபுரா, தொட்டபள்ளாபுரா, ஆனேக்கல். எல்லையைத் தாண்டினால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை. அல்சூரிலும் ஈஜிபுராவிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்தான் சொந்த ஊர். பெரியப்பா இன்னும் அங்கே தக்காளி போடுகிறார். அவர் தம்பி பேரன் இங்கே பள்ளிக்கூடத்தில் தட்டை நீட்டுகிறான். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரப் பயணம்தான். அந்தத் தக்காளி இந்தத் தட்டுக்கு நேராக வர என்ன தடை? அதைத்தான் விளக்கப் பார்க்கிறேன். மனசு இல்லாததால் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்குகிற முறையில்தான் சிக்கல் இருக்கிறது.

பள்ளிச் சாப்பாட்டின் வரலாறு நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1995-இல் மத்திய அரசின் திட்டம், 2001 நவம்பரில் சமைத்த சாப்பாடே தரவேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு, அதைத் தொடர்ந்து கர்நாடகத்தில் அட்சர தாசோகா என்ற மதிய உணவுத் திட்டம். இங்கே எல்லோரும் பிசியூட்டா, அதாவது சூடான சாப்பாடு, என்கிறார்கள். இந்த எல்லாத் திட்டங்களுக்கும் முதல் கவலை பசி, அடுத்த கவலை பிள்ளை பள்ளிக்கு வரவேண்டும் என்பது. பொருளை யாரிடம் வாங்குவது என்பதை யாரும் பெரிய கேள்வியாக எடுக்கவில்லை. அன்றைக்கு அது சரியும்கூட. 2021-இல் திட்டத்துக்கு பிஎம் போஷண் என்று புதுப்பெயர் வைத்தபோதுதான், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடமும் மகளிர் சுய உதவிக் குழுக்களிடமும் பொருள் வாங்குவதை ஊக்குவிக்கவேண்டும், பள்ளியில் ஊட்டச்சத்துத் தோட்டம் போடவேண்டும், உள்ளூர் உணவைச் சேர்க்கவேண்டும் என்று எழுதி வைத்தார்கள். எழுதியது நல்ல வார்த்தைதான். ஆனால் எவ்வளவு வாங்கவேண்டும், என்ன விலைக்கு, எத்தனை நாளில் பணம் தரவேண்டும் என்ற மூன்றும் முடிவாகாமல் ஊக்குவிப்பு எப்படி நடக்கும்?

பாலுக்கு இந்த மூன்றும் முன்பே முடிவாகியிருந்தன. விடியற்காலை ஒரு பால் சங்கத்து வாசலில் நின்று பாருங்கள். தூக்கு, அலுமினிய கேன், எவர்சில்வர் குடம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் 3 லிட்டர், அடுத்தவர் 8 லிட்டர். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துக் கருவியில் வைக்கிறார்கள்; கொழுப்பு எவ்வளவு என்று எண் விழுகிறது; அந்தத் தரத்துக்கு ஏற்ற விலை கணக்கில் ஏறுகிறது. பணம் குறித்த தவணையில் தவறாமல் வந்துவிடும். 3 லிட்டர் ஊற்றுகிறவரும் 8 லிட்டர் ஊற்றுகிறவரும் சென்னைக்கோ பெங்களூருக்கோ வண்டி பிடிக்க வேண்டியதில்லை. 1974-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கி, பிறகு கேஎம்எஃப் (கர்நாடகப் பால் கூட்டமைப்பு) ஆக வளர்ந்த கூட்டுறவு அமைப்பு இந்தச் சின்னச் சின்ன அளவுகளைச் சேர்த்து லாரி லாரியாக்குகிறது. நந்தினி என்ற பெயரில் நகரம் குடிக்கும் பால் இதுதான்.

2013 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பிள்ளைகளுக்குப் பால் தரும் க்ஷீர பாக்யா திட்டம் தொடங்கியபோது மாநிலத்தில் பால் மிச்சமாகிக்கொண்டிருந்தது. விவசாயியிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பவுடராக்கி வைத்தாலும் விற்கவேண்டும். அதே நேரத்தில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்குச் சத்து போதவில்லை. ஒரு பக்கத்து உபரி இன்னொரு பக்கத்துக் குறையை அடைத்தது. பிள்ளைக்கு 18 கிராம் பவுடர், 150 மில்லி பால். பவுடர் என்பதால் கெட்டுப்போகாது, பள்ளி அலமாரியிலேயே வைக்கலாம். கன்று போட்ட வீட்டுப் பாலின் வாசனை அதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் உள்ளூர் விவசாயத்தையும் பள்ளித் தட்டையும் இவ்வளவு பெரிய அளவில் இணைத்த வேறொன்று இந்த மாநிலத்தில் இல்லை. இதைப் பண்ணையையும் பள்ளியையும் இணைத்த திட்டம் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. பால் திட்டம் என்றே சொல்கிறோம்.

இப்போது காய்கறிக்கு வருவோம். மதிய உணவுத் திட்டத்தின் அளவுப்படி 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் காய், 6 முதல் 8 வரை 75 கிராம். 200 சின்னப் பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு நாளொன்றுக்கு 10 கிலோ. ஒரு விவசாயி தன் தோட்டத்திலிருந்து 10 கிலோ பீன்ஸுக்காக வண்டி எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கு வரமாட்டார். டீசல் காசுகூட வராது. நகரத்தில் லட்சம் பிள்ளைகளை ஒன்றாகக் கணக்கிட்டால் அதே 50 கிராம் நாளொன்றுக்கு 5 டன் ஆகிவிடும். 5 டன் என்றால் ஒரு வட்டாரமே சேர்ந்து பயிர் போடலாம். ஆக, தேவை பெரிதாகத்தான் இருக்கிறது, அது பள்ளி பள்ளியாகச் சிதறிக் கிடக்கிறது. உற்பத்தியும் தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடக்கிறது. நடுவில் சேர்க்கிற கை இல்லை.

பணக் கணக்கையும் பார்க்கவேண்டும். 2025 மே மாதத்திலிருந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாள் பொருள் செலவு 6 ரூபாய் 78 காசு. நடுநிலைப் பள்ளிக்கு 10 ரூபாய் 17 காசு. அரிசி இதில் சேராது. பருப்பு, காய், எண்ணெய், உப்பு, புளி, மிளகாய், எரிபொருள் எல்லாம் இதற்குள்தான். காய் கிலோ 40 ரூபாய் என்றால் 50 கிராமுக்கு 2 ரூபாய் போய்விடும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த விலைக்கு 50 கிராம் தக்காளி போட்டால் 5 ரூபாய். மிச்சமிருக்கும் காசில் பருப்பு எங்கே, எண்ணெய் எங்கே? அப்படிப்பட்ட மாதத்தில் சாம்பார் தண்ணியாகிவிடும், வேறு வழியில்லை. இதே கோலார் மண்டியில் வேறு மாதங்களில் பறிக்கூலிகூடக் கட்டாமல் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதையும் பார்க்கிறோம். ஒரே காய், ஒரே மாவட்டம். விலை ஏறினால் பிள்ளைக்கு நஷ்டம், இறங்கினால் விவசாயிக்கு நஷ்டம். வருஷம் முழுவதற்கும் ஒரு நடுவான விலை பேசி வைத்தால் இருவருக்குமே நிம்மதி. ஆனால் அப்படிப் பேசுகிற அதிகாரம் தலைமை ஆசிரியர் கையில் இல்லை. அவர் கையில் மாதாந்திரத் தொகையும் கணக்கு நோட்டும்தான் உள்ளன.

முட்டையில் நடந்தது இதற்கு நல்ல சான்று. 2024-இல் கர்நாடகத்தில் முட்டைக்கு அரசு ஒதுக்கிய தொகை 6 ரூபாய். அதில் 5 ரூபாய் 20 காசு முட்டைக்கு, மீதி வேகவைக்கும் எரிபொருளுக்கும் ஓடு உரிக்கிற கூலிக்கும். 2024-இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை நான்கு நாள் முட்டைக்கான பணத்தை ஏற்றுக்கொண்டதால், அரசின் இரண்டு நாளோடு சேர்ந்து வாரம் ஆறு நாளும் முட்டை என்றானது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்தி அண்மையில் வரவில்லை என்பேன். ஆனால் கடையில் முட்டை விலை ஏறியபோது, மிச்சத்தைத் தலைமை ஆசிரியர்களே கைக்காசிலிருந்து போடவேண்டி வந்தது. நல்ல திட்டமும் வாங்குகிற முறையில் இப்படித்தான் தடுக்கிவிழுகிறது. தமிழ்நாட்டில் சத்துணவு முட்டை மொத்தக் கொள்முதலில் நாமக்கல் பக்கத்திலிருந்து போகிறது. அதனால் வழங்கல் சீராக இருக்கிறது, ஆனால் அங்கே பயன் பெரிய பண்ணைகளுக்குத்தான். பக்கத்தில் விளைந்தது என்றாலே சின்ன விவசாயிக்குப் போய்ச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம் மண்டி. மண்டிக்காரரைத் திட்டுவது எளிது. தரகு, இறக்குக் கூலி, எடைக் கழிவு என்று விவசாயியிடம் பிடிப்பது உண்மையும்கூட. ஆனாலும் கலாசிப்பாளையம் மொத்தச் சந்தையில் ராத்திரி இறக்கிய மூட்டைக்கு விடிவதற்குள் கையில் காசு கிடைக்கும். விதைக்கு, மருந்துக்கு, பெண் கல்யாணத்துக்கு அவரே முன்பணமும் கொடுப்பார். அரசுப் பணம் என்றால் பில், கையெழுத்து, ஒதுக்கீடு, பிறகு எப்போதோ. ‘இஸ்கூலுக்குப் போட்டா காசு எப்ப வரும்ணா?’ என்பதுதான் எந்தத் தோட்டக்காரரும் கேட்கிற முதல் கேள்வி. ஏழு நாளில் பணம் என்று உறுதி தராத எந்தப் பண்ணை-பள்ளித் திட்டமும் மண்டியை ஜெயிக்காது.

சமையல் நடக்கும் இடமும் இங்கே முக்கியம். பெங்களூர் நகரத்துப் பள்ளிகள் பலவற்றுக்குச் சாப்பாடு பெரிய மையச் சமையற்கூடங்களிலிருந்து வண்டியில் வருகிறது. அட்சய பாத்திரா என்ற தொண்டு நிறுவனம் 2000-இல் இதே ஊரில் 5 பள்ளிகள், 1,500 பிள்ளைகளோடு தொடங்கி இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. மையக் கூடத்துக்கு ஒரே அளவுள்ள காய் டன் கணக்கில் வேண்டும். பூசணி, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் எளிது, கீரை கஷ்டம். ஆனால் ஒரே இடத்தில் இறக்கினால் போதும் என்பதால் விவசாயிக் குழுக்களோடு ஒப்பந்தம் போட இதுதான் வசதியான இடம். கிராமத்துப் பக்கம் பள்ளியிலேயே சமைக்கிறார்கள். அங்கே பக்கத்துத் தோட்டத்துக் கீரையைக் காலையில் பறித்து மத்தியானம் போடலாம். ஆனால் யார் ஆய்வது? விதிப்படி முதல் 25 பிள்ளைகளுக்கு ஒரு சமையற்காரர், 100 வரை இருவர், அதற்கு மேல் ஒவ்வொரு நூறுக்கும் ஒருவர். 200 பிள்ளைகளுக்கு மூன்று அம்மாக்கள். அரிசி களைந்து, காய் நறுக்கி, 200 முட்டை உரித்து, பாத்திரம் கழுவி, அதற்கு மேல் கீரைக்கட்டை மண் போக மூன்று தண்ணீரில் அலசச் சொன்னால் நியாயமா? மத்திய திட்டத்தில் இவர்களுக்கான மாத மதிப்பூதியம் 2009-இலிருந்து 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. மாநிலம் மேலே கொஞ்சம் போட்டுக் கொடுக்கிறது. உள்ளூர்க் காய், புதுக்கீரை, சிறுதானியம் என்று நாம் ஆசையாகச் சொல்வதெல்லாம் கடைசியில் இந்த மூன்று பேர் கையில்தான் வேலையாகப் போய் விழுகிறது. அவர்கள் சம்பளத்தைப் பேசாமல் தட்டைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பிரேசில் நாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லவேண்டும். 2009-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம்தான் வாங்கவேண்டும். குறைந்த விலை கேட்பவருக்கே டெண்டர் என்ற முறையை இதற்கு மட்டும் விலக்கினார்கள். சந்தை விலையைப் பார்த்து முதலில் விலையை அறிவித்துவிடுவார்கள், அந்த விலைக்குத் தரக்கூடிய விவசாயிக் குழுக்கள் முன்வரலாம், உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை. சத்துணவு நிபுணர் பட்டியல் போடுகிறார், அந்தப் பட்டியலைப் பார்த்து விவசாயி நடுகிறார். நமக்கும் அவர்களுக்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் அரசு டெண்டரில் சின்ன விவசாயி ஜெயிக்க மாட்டார் என்பதை அவர்கள் சட்டத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, உள்ளூர்க் காய் என்றால் நல்ல காய் என்றாகிவிடுமா? பெங்களூரில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளுக்குள் நகரத்துச் சாக்கடை போய்க்கொண்டிருந்தது. விருஷபாவதி ஆறு பைரமங்கலா ஏரிக்குக் கொண்டுபோவது எந்தத் தண்ணீர் என்று அந்தப் பக்கம் போகிறவர் மூக்குக்கே தெரியும். இப்படிப்பட்ட நீரில் விளைந்த கீரையிலும் காயிலும் கன உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018-இலிருந்து கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். காய்ந்து கிடந்த மாவட்டத்தில் நிலத்தடி நீர் ஏறியிருக்கிறது, சுத்திகரிப்பு போதுமா என்ற கவலையும் கூடவே இருக்கிறது. பால் சங்கத்தில் ஒவ்வொரு குடமும் சோதனைக்குப் போகிறது. பிள்ளைகள் சாப்பிடப்போகும் காய்க்கு மண், தண்ணீர், மருந்து எச்சம் மூன்றையும் சோதிக்காமல் உள்ளூர் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கக் கூடாது. அப்படிச் சோதித்துச் சான்று தரும் செலவை விவசாயி தலையில் கட்டாமல் அரசே ஏற்கவேண்டும்.

ராகிக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. நாட்டிலேயே அதிகம் ராகி விளைவது கர்நாடகத்தில்தான். குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அரசு ஏற்கனவே வாங்குகிறது. 2025-26-க்கு குவிண்டால் 4,886 ரூபாய். தென் மாவட்டங்களில் ரேஷனிலும் ராகி போடுகிறார்கள். பூச்சி விழாது, மாதக்கணக்கில் இருக்கும், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கிடங்கும் உண்டு, வாங்கும் வழியும் உண்டு. 2024-இலிருந்து ஸ்ரீ சத்ய சாய் அன்னபூர்ணா அறக்கட்டளையோடு சேர்ந்து ராகி மால்ட் பவுடரைப் பாலில் கலந்து தருகிறார்கள். நல்ல ஆரம்பம். ஆனால் பாக்கெட்டில் வந்த இனிப்புப் பவுடராக மட்டுமே ராகியைப் பார்க்கிற பிள்ளைக்கு, அது பாட்டி வீட்டுக் களிதான் என்று எப்படித் தெரியும்? 200 பேருக்குக் களி கிளறச் சொல்ல மாட்டேன்; அந்தத் துடுப்பைப் பிடித்தவர்களுக்குத் தெரியும் அதன் கனம். ராகி இட்லி, ராகி சேவை, மோர் ஊற்றிய கூழ் என்று வாரம் ஒருநாள் முடியும்.

இங்கேதான் உணவுக் கல்வி வருகிறது. இதைச் சமச்சீர் உணவு அட்டவணையை மனப்பாடம் செய்வதாகச் சுருக்கிவிட்டோம். பெங்களூரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அவரைக்காய் காலம். மாகடி பக்கத்திலிருந்து வந்து குவியும். அதற்கென்றே மேளா நடக்கும். ஒரு வகுப்பில் 2 கிலோ அவரைக்காய் வாங்கிவந்து பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். காயை உரித்து, கொட்டையைத் தனியாக எடுத்து ராத்திரி ஊறவைக்கவேண்டும். காலையில் ஒவ்வொன்றையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு அழுத்து. தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தவர் மடியில் போய் விழும். இதுதான் பிதுக்கம் பருப்பு. கன்னடப் பிள்ளைக்கு ஹிதகித பேளே. 2 கிலோ காயில் எத்தனை கிராம் பருப்பு தேறியது என்று எடை போட்டால் கணக்குப் பாடம். ஏன் ஊறினால் தோல் கழல்கிறது என்றால் அறிவியல் பாடம். ஏன் உரித்த பருப்பு கடையில் அவ்வளவு விலை என்று கேட்டால் கூலி என்பது என்ன என்று புரியும். அன்று மத்தியானம் சாம்பாரில் அது மிதந்தால் ஒதுக்கி வைக்கிற பிள்ளை குறைவாகத்தான் இருக்கும்.

பள்ளித் தோட்டமும் இப்படித்தான். நகரத்துப் பள்ளியில் நாலு தொட்டி வைத்து அதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் காய் வரும் என்று எதிர்பார்ப்பது வீண். வருவது ஒரு நாள் பொரியலுக்கே போதாது. அதன் பயன் வேறு. தண்டுக்கீரை ஒரு மாதத்தில் பறிக்க வரும், முள்ளங்கி ஒன்றரை மாதத்தில். தான் விதைத்து, தண்ணீர் ஊற்றி, பூச்சி அரித்து பாதி போனதையும் பார்த்த பிள்ளைக்கு விளைச்சல் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம். விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடவேண்டும். பல தோட்டங்கள் செத்தது ஏப்ரல், மே மாதங்களில்தான்.

இந்த விடுமுறைதான் விவசாயிக்கும் பிரச்சினை. ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலான நாள், தசராவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் பள்ளி வாங்காது. செடி காய்ப்பதை நிறுத்தாது. அதனால் பள்ளியை மட்டும் நம்பி யாரும் பயிரிட முடியாது. பள்ளிக்கும் கொடுத்து, மீதியைக் கடையிலும் விற்கிற ஒரு நடு அமைப்பு வேண்டும். அது புதிதாக வேண்டாம் என்பது என் கருத்து. 1959-இல் தோட்டக்கலை மேதை எம்.எச். மரிகௌடாவின் முயற்சியில் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ் இங்கேயே இருக்கிறது. தெருமுனையில் அதன் கடைகளைப் பார்க்காதவர் இந்த ஊரில் இருக்க மாட்டார். பெங்களூர் ஊரகம், கோலார் விவசாயிகளிடம் நேராக வாங்கிப் பழகிய அமைப்பு. கடைகளில் கூட்டம் குறைந்து, செயலி வழி வியாபாரத்தோடு போட்டி போட முடியாமல் திணறும் ஹாப்காம்ஸுக்குப் பள்ளிகள் நிரந்தர வாடிக்கையாகலாம். எல்லாக் காயும் ஒரே நாளில் வேண்டாம். கெடாத, நறுக்க எளிதான பூசணியும் கேரட்டும் பீன்ஸும் முதலில், டிசம்பரில் அவரை. ஒரு மையச் சமையற்கூடம், ஒரு வட்டாரத்து உழவர் நிறுவனம், ஒரு பள்ளி ஆண்டு. விலையை ஜூன் மாதமே அறிவித்துவிட்டு ஏழு நாளில் பணம் கொடுத்துப் பார்க்கட்டும்.

இதை அரசு தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர் அடங்கிய பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழு (எஸ்.டி.எம்.சி.) இருக்கிறது. நம் ஆட்கள் அதில் போய் உட்காருவது குறைவு. காலை ஆறு மணிக்கு வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் கிளம்புகிறவர்களுக்குக் கூட்டத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். கன்னடத்தில் பேசவேண்டுமே என்ற தயக்கம் வேறு. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லிக் கேட்கலாம். போனால் மூன்று கேள்வி போதும்: சென்ற மாதம் காய் எங்கே, என்ன விலைக்கு வாங்கினீர்கள்? முட்டைக்கு ஆசிரியர் கைக்காசு போட்டாரா? சமையல் அம்மாக்களுக்கு எந்த மாதம் வரை சம்பளம் வந்திருக்கிறது? பிஎம் போஷணில் மக்கள் முன் கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை கட்டாயம். இந்தக் கேள்விகளுக்கான பதில் நோட்டில் எழுதப்பட்டுக் கையெழுத்தோடு இருந்தால் தணிக்கைக்கு வருகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாது.